பின்னால் வந்து மோதியது அவர். ஃபைல் சார்ஜும் தேய்மானமும் ஏன் என் தலையில்?

கோவைவாசி

அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் சிக்னலில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த கார் நிற்காமல் வந்து இடித்தது. யாருக்கும் அடியில்லை. டிக்கி கதவு உள்ளே போய்விட்டது, பின்கண்ணாடி உடைந்தது, பம்பர் இரண்டாகப் பிளந்தது.

ஓட்டி வந்தவர் மரியாதையான மனிதர்தான். மன்னிப்புக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும், அதில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கிறது, அதில் உங்களுக்கு ஒன்றும் வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டி எண், உரிமம் இரண்டையும் படம் எடுத்திருக்கிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட்டேன்.

பட்டறை பில் வரி உட்பட 51,000 ரூபாய். என் காப்பீட்டு நிறுவனம் 40,000 கொடுத்தது. மீதி 11,000 நான் கட்டிய பிறகுதான் கார் வெளியே வந்தது. அதோடு கிளைம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸும் போய்விட்டது. நின்றுகொண்டிருந்தவன் பணம் கட்டுகிறான், மோதியவர் ஒரு ரூபாய் செலவில்லாமல் போகிறார். இது சட்டமா, வழக்கமா? அந்த 11,000 ரூபாயை அவரிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா?

ஈரோடு பட்டறை

கார் வேலை முடிந்து பில் போடும் நாளில் எங்களிடம் நடக்கும் சண்டைகளில் பாதி இதுதான் ஐயா. "ஃபுல் இன்சூரன்ஸ் என்றீர்களே, ஏன் காசு கேட்கிறீர்கள்" என்று எங்கள் மேல் கோபப்படுவார்கள். ஃபைல் சார்ஜ் என்று நாங்கள் கேட்கும் தொகை பட்டறைக்குப் போவதில்லை. காப்பீட்டு நிறுவனம் தன் பங்கில் கழித்துக்கொண்டு அனுப்புகிற பணம் அது. வண்டியை எடுக்க வருபவரிடம் அதை வாங்காவிட்டால் எங்கள் கையை விட்டுத்தான் போகும். உங்கள் பில்லை உருப்படி வாரியாகப் போடுங்கள். 11,000 எப்படி வந்தது என்று தெரிந்தால் யாரிடம் எதைக் கேட்பது என்பதும் தெரியும்.

கோவைவாசி

கார் வாங்கி மூன்றரை ஆண்டு ஆகிறது, 1,197 சிசி. பம்பர் 9,000, டிக்கி கதவு 16,000, கண்ணாடி 6,000, பெயின்ட் 12,000, கூலி 8,000. எல்லாம் வரியோடு.

ஓய்வுபெற்ற சர்வேயர்

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் விளக்கிச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்பது பெரிய குறை. காப்பீட்டுக் கிளைம்களில் வண்டிச் சேதத்தை மதிப்பிடுவதே என் வேலையாக இருந்தது, நான் சொல்கிறேன்.

பம்பர் பிளாஸ்டிக். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்குப் புதுப் பொருள் மாற்றினால் 50 சதவீதம் தேய்மானம். வண்டியின் வயது இங்கே பார்க்கப்படுவதில்லை. ஆக 4,500 உங்களுடையது. கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது, முழுத் தொகையும் நிறுவனம் கொடுக்கும். டிக்கி கதவு உலோகம். உலோகத்துக்கு வண்டியின் வயதுதான் அளவு. முதல் 6 மாதம் எதுவும் இல்லை, ஓராண்டு வரை 5, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். உங்கள் காருக்கு 25, அதாவது 4,000. பெயின்ட் பில்லில் நான்கில் ஒரு பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 12,000-க்கு 1,500. கூலியில் கழிவு இல்லை. மொத்தத் தேய்மானம் 10,000.

மீதி 1,000 ரூபாய்தான் கட்டாயக் கழிவு, பட்டறையில் ஃபைல் சார்ஜ் என்பது. தனியார் கார் 1,500 சிசி வரை 1,000, அதற்கு மேல் 2,000. தவறு யாருடையது என்று இந்தக் கழிவு பார்ப்பதில்லை. உங்கள் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கிளைமுக்கும் முதல் ஆயிரத்தை நீங்கள் ஏற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பிரீமியம் குறையும் என்று முகவர் சொன்னதைக் கேட்டு விருப்பக் கழிவும் போட்டிருந்தால் 2,500, 5,000, 7,500, 15,000 என்று அதற்குத் தனிப் படிகள் உண்டு. அதுவும் இதன் மேல் சேரும். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் அந்த 10,000 உங்கள் கையைக் கடித்திருக்காது. 1,000 அப்போதும் உங்களுடையதுதான்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். உங்கள் நிறுவனம் ஏன் மோதியவரின் நிறுவனத்திடம் போய் அந்த 40,000-ஐ வசூலிக்கவில்லை? நம் நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்குள் 'நாக் ஃபார் நாக்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு கார்கள் மோதினால் அவரவர் வாடிக்கையாளரின் சேதத்தை அவரவர் பார்த்துக்கொள்வார்கள், ஒருவரை ஒருவர் துரத்த மாட்டார்கள். வழக்குச் செலவு மிச்சம், வேலையும் வேகமாக முடிகிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஏற்பாடு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்களை அல்ல. மோதியவரின் பொறுப்பு அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

கோவைவாசி

முதன்முறையாக ஒருவர் உட்கார்ந்து கணக்குச் சொல்கிறார், நன்றி ஐயா. அவருக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் என்றாரே, அது உண்மையானால் எனக்கு என்ன வழி?

திருச்சி வழக்கறிஞர்

அந்த ஒரு வாக்கியத்தால் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கொதிக்கிறது. தேர்ட் பார்ட்டி காப்பீடு என்பது யாருக்கு? மோதியவருக்கு அல்ல, மோதப்பட்டவருக்கு. இந்த விபத்தில் அந்த மூன்றாம் நபர் நீங்கள்தான். அவருடைய சொந்தக் காரின் சேதத்துக்கு அவருக்கு எதுவும் வராது. உங்கள் காரின் சேதத்துக்கு வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு இந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

உயிரிழப்பு, காயம் ஆகியவற்றோடு சொத்துச் சேதமும் இதில் அடங்கும். தனியார் காரின் வழக்கமான பாலிசியில் சொத்துச் சேதத்துக்கு 7,50,000 ரூபாய் வரை, இரு சக்கர வாகனத்துக்கு 1,00,000 வரை. பிரீமியத்தைக் குறைக்க உரிமையாளரே விரும்பி 6,000 என்று சுருக்கிக்கொண்டிருந்தால் மட்டும் நிறுவனம் அதோடு நிறுத்தும். மீதி அவர் சொந்தக் கையிலிருந்து தர வேண்டும்.

வழி இது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166-ஆம் பிரிவில் மனு. யாருக்கும் காயமில்லாத, சொத்துச் சேதம் மட்டுமே உள்ள விபத்தையும் தீர்ப்பாயம் விசாரிக்கலாம், 165-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகவும் உங்களுக்கு விருப்பம் உண்டு. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், மூன்றில் எங்கு வேண்டுமானாலும் தாக்கல் செய்யலாம். 2019 திருத்தத்தின்படி விபத்து நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போக வேண்டும். அந்த விதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தள்ளிப் போடாதீர்கள்.

எதைக் கேட்கலாம்? உங்கள் நிறுவனம் கொடுத்த 40,000-ஐ மறுபடி கேட்க முடியாது. ஒரே சேதத்துக்கு இருமுறை பணம் கிடையாது. ஈடு செய்யப்படாமல் நின்ற 11,000 உங்கள் நட்டம். அதைக் கேளுங்கள்.

தாம்பரம் கார்காரர்

வழக்கறிஞர் ஐயா சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் 11,000 ரூபாய்க்காக யார் நீதிமன்றப் படி ஏறுவார்கள்? வாய்தாவுக்கு வாய்தா விடுப்புப் போட்டால் சம்பளமே அதைத் தாண்டிவிடும். ஏட்டில் இருக்கும் உரிமையைக் காட்டி மனிதரை அலைய விடாதீர்கள். ரோட்டிலேயே பேசி, கையில் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு விட்டிருக்க வேண்டும். நம் ஊரில் நடப்பது அதுதான்.

திருச்சி வழக்கறிஞர்

அலைச்சல் உண்மை. அதை மறைத்து நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். காயமில்லாத சிறு சேதத்துக்கு நேராக மனுப் போடுங்கள் என்று என் அலுவலகத்துக்கு வருபவர்களிடமும் சொல்வதில்லை. முதலில் கடிதம், பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு, அதற்கும் மசியாவிட்டால்தான் மனு. மனுப் போட்ட பிறகும் மக்கள் நீதிமன்றத்தில் இத்தகைய சிறு தொகைகள் பேசி முடிக்கப்படுகின்றன. ஆனால் தீர்ப்பாயம் என்ற கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவர் எழுதும் கடிதத்துக்கும், தெரியாதவர் ரோட்டில் போடும் சத்தத்துக்கும் பலனில் நிறைய வேறுபாடு உண்டு.

ரோட்டில் வாங்கும் பணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டறையில் பிரித்துப் பார்க்கும் முன் சேதம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பத்தாயிரம் வாங்கிக்கொண்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பில் ஐம்பதாயிரம் வந்த பிறகு நீங்கள் கேட்க முடியாது. அந்தப் பத்தாயிரத்தை மறைத்து நிறுவனத்திடமும் முழுத் தொகைக்குக் கிளைம் போட்டால் அது மோசடி.

மோதியவர் பக்கமும் சொல்கிறேன். "தவறு என்னுடையது, முழுச் செலவும் தருகிறேன்" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தப் பொறுப்பையும் ஏற்கவோ, தொகை தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. மன்னிப்புக் கேளுங்கள், காவல்துறைக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள், பாலிசி எண்ணைக் கொடுங்கள். அதுவே நேர்மையான மனிதர் செய்ய வேண்டியது.

ஓய்வுபெற்ற சர்வேயர்

போனஸ் விஷயத்தை யாரும் தொடவில்லை. 11,000-ஐவிட அது பெரிது.

கோவைவாசிக்கு இப்போது 35 சதவீதம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கிளைம் இல்லையென்றால் அடுத்த ஆண்டு 45, பிறகு 50, அதன் பின் 50-லேயே நிற்கும். கிளைம் போட்டதால் அடுத்த ஆண்டு பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45, கடைசியில் 50. ஒவ்வோர் ஆண்டும் இழக்கும் வித்தியாசம் 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 சதவீதம். பிரீமியத்தில் உங்கள் காரின் சேதத்துக்கான பகுதி, அதாவது சொந்தச் சேதப் பிரீமியம், ஆண்டுக்கு 10,000 என்றால் மொத்தம் 12,000 ரூபாய். கார் பழசாக ஆக மதிப்பும் பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும், ஆனால் பத்தாயிரத்தை ஒட்டித்தான் வரும்.

ஆகவே கிளைம் போடுவதன் உண்மையான விலை 11,000 மட்டுமல்ல, ஏறக்குறைய 23,000. பில் 51,000 என்பதால் இவர் கிளைம் போட்டது சரி. ஒரு கதவில் கோடு விழுந்து, பில் 12,000 என்று வரும்போது கிளைம் போடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். தேய்மானம், ஃபைல் சார்ஜ் போகக் கையில் வருவது ஏழெட்டாயிரம், அதற்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த போனஸைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மாதிரிச் சமயத்தில் மோதியவரிடம் முழுப் பில்லையும் கேட்பதே முறை. போனஸ் பாதுகாப்பு என்று ஒரு கூடுதல் பிரிவு விற்கிறார்கள். 50 சதவீதத்தைத் தொட்டவர்கள் அதை யோசிக்கலாம்.

தவறே செய்யாதவரின் போனஸை எடுப்பது எனக்கு என்றைக்கும் ஒப்பவில்லை. பணியில் இருந்த காலத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன். சி.எஸ்.ஆர். ரசீது, சிக்னல் கேமராப் படம், பின்னால் அடிபட்டிருக்கும் இடம் எல்லாம் கண்முன் இருக்கும்போது, நின்றிருந்தவரையும் இடித்தவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமல்ல.

சிங்கை வாசகர்

இங்கே சிங்கப்பூரில் நின்ற காரில் பின்னால் மோதினால் பெரும்பாலும் நம் பாலிசியைத் தொடவே மாட்டோம். 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நம் நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும், அது கட்டாயம். பிறகு பட்டறையே மோதியவரின் நிறுவனத்திடம் பழுதுச் செலவையும், கார் இல்லாத நாட்களுக்கான வாடகைச் செலவையும் கேட்கும். நாம் எக்செஸ், அதாவது நீங்கள் சொல்லும் கழிவுத் தொகை, கட்ட வேண்டியதில்லை. 50 சதவீதத் தள்ளுபடி வைத்திருப்பவர் தன் தவறால் கிளைம் போட்டாலும் அது 20-க்குத்தான் இறங்கும், பூஜ்யத்துக்குப் போகாது. இந்தியாவிலும் இப்படிச் செய்ய முடியாதா?

ஓய்வுபெற்ற சர்வேயர்

செய்ய முடியும் தம்பி. தேவையானது, சொத்துச் சேதக் கோரிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பாமல் நிறுவனங்களே நேரடியாக ஏற்று முடிக்கும் பழக்கம். இப்போது மோதியவரின் நிறுவனத்துக்கு நேராகக் கடிதம் எழுதினால், "தீர்ப்பாய உத்தரவு கொண்டு வாருங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

உணவு டெலிவரி ஓட்டி

ரோட்டில் பேசி வாங்கியிருக்க வேண்டும் என்று தாம்பரம் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மழையில் என் பைக் வழுக்கி ஒரு காரின் பக்கவாட்டில் போய் விழுந்தது. தவறு என் பக்கம்தான், மறுக்கவில்லை. முழங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கார்க்காரர்கள் நான்கு பேர் இறங்கி என்னைச் சுற்றி நின்று, பதினைந்தாயிரம் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். என் கைப்பேசியையும் வண்டிச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். கைப்பேசி இல்லாமல் எனக்கு வேலை கிடையாது. அக்காவிடம் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். என் பைக்குக்குக் காப்பீடு இருந்தது. அதைக் கேட்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை.

கார் வைத்திருப்பவருக்கு 15,000 ஒரு பட்டறை பில். எங்களுக்கு அது ஒரு மாதச் சோறு.

சேலம் வாகன ஓட்டி

தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காரில் வருபவர் எல்லாரும் வசதியானவர் என்று எழுதாதீர்கள். நான் மாதத் தவணை கட்டி, பழைய கார் ஓட்டுகிறேன். அப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ், அதற்காகவே கார். கதவை ஒருவர் நசுக்கிவிட்டு "நான் ஏழை" என்று போனால் அந்தச் செலவை நான் எங்கே போய் எடுப்பது? சேதம் செய்தவர் ஈடு செய்ய வேண்டும். இதில் ஏழை, பணக்காரர் என்று பார்த்தால் கடைசியில் நடுவில் இருப்பவன்தான் எப்போதும் கட்டுவான்.

திருச்சி வழக்கறிஞர்

இருவர் சொல்வதும் உண்மை. இருவருக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்பட்ட புதிய இரு சக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு, கார்களுக்கு 3 ஆண்டு தேர்ட் பார்ட்டி காப்பீடு வாங்கும்போதே சேர்ந்து வருகிறது. ஆகவே அந்தத் தம்பியின் பைக் பாலிசியில் அந்தக் காரின் கதவுக்கு ஒரு லட்சம் வரை இடம் இருந்தது. அவருடைய அக்காவின் பணம் தேவையே இல்லை. சேலம் நண்பரின் கதவுக்கும் அப்படித்தான். எதிர் வண்டியின் பதிவு எண்ணை அரசின் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள பரிவாகன் தளத்திலோ செயலியிலோ போட்டால் காப்பீடு எந்தத் தேதி வரை இருக்கிறது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

சொந்த உபயோகம் என்று பதிவான பைக்கில் டெலிவரி செய்ததைக் காட்டி நிறுவனம் மறுக்க முற்படலாம். அந்த வாதம் தீர்ப்பாயத்தில் வரும். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு. ஓட்டுநர் உரிமக் குறைபாடுள்ள வழக்குகளுக்கு 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய பாதை அது.

காப்பீடே இல்லாத வண்டி என்றால் உரிமையாளர்தான் முழுப் பொறுப்பு. முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அப்போதும் சாவியை, உரிமத்தை, கைப்பேசியைப் பிடுங்கி வைக்க ஒரு தனி மனிதருக்கு அதிகாரம் கிடையாது. அது குற்றம். அடிபட்ட கையிலிருந்து ரத்தம் வடிய நிற்பவரை முதலில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

தாம்பரம் கார்காரர்

டெலிவரித் தம்பி, உங்கள் பதிவைப் படித்தேன். நான்கு பேர் சூழ்ந்து பிடுங்குவதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். இரு தரப்பும் அமைதியாகப் பேசி முடிப்பதைத்தான் சொன்னேன், அதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். சிறு சேதத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

மதுரை வாசகி

சற்று வேறு கேள்வி. பழனிக்குப் போய்வர ஆக்டிங் டிரைவர் வைத்திருந்தோம். திரும்பும் வழியில் வண்டியைச் சாலைத் தடுப்பில் உரசிவிட்டார். பட்டறையில் 18,000 என்கிறார்கள். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. டிரைவர் சம்பளத்தைப் பிடித்துக்கொள், மீதியையும் அவரிடமே வாங்கு என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இதே காரை என் தம்பி எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை இடித்தபோது இவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற சர்வேயர்

அம்மா, உங்கள் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் உரிமம் வைத்திருக்கும் யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும். ஆக்டிங் டிரைவரும் அதில் அடக்கம். அவருடைய உரிமத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கிளைமில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஊதியம் வாங்கும் டிரைவருக்கான சட்டப் பொறுப்பு என்று 50 ரூபாய்ப் பிரீமியத்தில் ஒரு பிரிவு உண்டு. அது டிரைவருக்கு அடிபட்டால் உங்கள் பொறுப்பை ஏற்கும். டிரைவர் வைத்து ஓட்டும் குடும்பங்கள் அதை விடவே கூடாது.

18,000-க்குக் கிளைமா, கைப்பணமா என்பதை மேலே சொன்ன போனஸ் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டிரைவரிடம் கேட்பது பற்றி என் கருத்து: மது அருந்தியோ, கைப்பேசியில் பேசிக்கொண்டோ ஓட்டினார் என்றால் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லாத ஓர் உரசலுக்கு ஒரு நாள் கூலிக்கு வந்தவரிடம் பதினெட்டாயிரம் கேட்பது முறையல்ல. அவர் உழைத்த நாளின் கூலியைப் பிடித்து வைப்பது அதைவிட மோசம். கார் உங்களுடையது, காப்பீடு உங்களுடையது, பயணமும் உங்களுக்காக. அடுத்த முறை புறப்படும் முன்பே, "இப்படி ஏதாவது ஆனால் ஃபைல் சார்ஜ் வரை உங்கள் பங்கு" என்று பேசிக்கொள்வதானால் அது இருவருக்கும் தெளிவாக இருக்கும்.

தம்பி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். இரவல் வாங்கிப் போனவர் கேட்காமலேயே கழிவுத் தொகையைக் கொண்டுவந்து தர வேண்டும். உறவு என்பதற்காகவே நீங்கள் கேட்கத் தயங்குவீர்கள் என்று அவருக்குத் தெரியும் அல்லவா?

திண்டுக்கல் பயணி

மோதியது அரசு பஸ் என்றால்? பரிவாகனில் பார்த்தால் காப்பீட்டு விவரமே இல்லை.

திருச்சி வழக்கறிஞர்

146-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி ஒன்றை வைத்துக்கொண்டு காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறலாம். அத்தகைய பஸ் மோதினால் கழகமே நேரடிப் பொறுப்பு. மனுவில் எதிர்மனுதாரராகக் கழகத்தைச் சேர்க்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராமல், நீதிமன்ற ஊழியர்கள் பஸ் நிலையத்துக்கே போய்ப் பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

இன்னொன்று. காரை விற்றுவிட்டு ஆர்.சி. பெயரை மாற்றாமல் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் உடனே மாற்றுங்கள். பதிவேட்டில் பெயர் யாருடையதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் செய்யும் விபத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

கோவைவாசி

கடிதம் தயார். இதுதான் வாசகம்: "இன்ன தேதியில் சிவப்பு விளக்கில் நின்றிருந்த என் காரின் பின்னால் தங்கள் கார் மோதியதில் 51,000 ரூபாய் சேதம் ஏற்பட்டது. என் காப்பீட்டின் மூலம் 40,000 ஈடானது. ஈடாகாத 11,000 ரூபாயைத் தாங்களோ தங்கள் தேர்ட் பார்ட்டி காப்பீட்டு நிறுவனமோ தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பில், சர்வே அறிக்கை, சி.எஸ்.ஆர். நகல் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் தங்கள் மீது கிரிமினல் நடவடிக்கை எடுக்கப்படும்." போனஸ் இழப்பையும் சேர்க்கலாமா?

திருச்சி வழக்கறிஞர்

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். பணத்துக்காகக் கிரிமினல் நடவடிக்கை என்று மிரட்டுவது தவறு, நாளைக்கு உங்களுக்கு எதிராகவே காட்டப்படும். "மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகுவேன்" என்று எழுதுங்கள், போதும். போனஸ் இழப்பைத் தனி வரியாக, புதுப்பிப்பு அறிவிப்பில் வந்த தொகையோடு கேளுங்கள். தீர்ப்பாயம் ஏற்கும் என்று உறுதி தர மாட்டேன். கேட்காமல் விட்டால் நிச்சயம் கிடைக்காது. கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், ஒரு நகல் அவருடைய நிறுவனத்துக்கும் போகட்டும். பட்டறையில் வண்டி எடுக்கும்போது "முழு, இறுதித் தீர்வு" என்று ஏதாவது தாளில் கையெழுத்திட்டிருந்தால் அதன் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது உங்கள் நிறுவனத்தோடு உள்ள கணக்குக்கு மட்டும்தான் என்று நாம் வாதிட வேண்டி வரலாம்.

தாம்பரம் கார்காரர்

இதையெல்லாம் படித்துவிட்டு என் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். தேர்ட் பார்ட்டி சொத்துச் சேத வரம்பு 6,000 என்று அச்சிட்டிருக்கிறது. நான் அப்படிக் கேட்டதாக நினைவே இல்லை. முகவர் தானாகவே போட்டிருக்கிறார்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

அந்த வரம்பைச் சுருக்கியதால் உங்களுக்குப் பிரீமியத்தில் மிச்சமானது 100 ரூபாய்தான் இருக்கும். நாளை நீங்கள் ஒருவரின் காரில் இடித்து 80,000 சேதம் என்றால் 74,000 உங்கள் கையிலிருந்து போகும். புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம், 7,50,000 ஆக்கித் திருத்தம் செய்து தரும்படி இன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுத்தால் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம்.